முன் வண்டி கும்பிட்டால் பின் வண்டியும் கும்பிடும்

வண்டிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது. பக்கத்து மேசைக்காரரோடு பேசாத அலுவலகத்தில் உட்கார்ந்துதான் அதைச் செய்யப்போகிறீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். விதிமுறைகளெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மைதான், அவற்றில் பாதியை எழுதியவனே நான். நான் போட்ட ஓர் உத்தரவால் சாக இருந்த ஒரு மனிதன் ஒரு சாண் வித்தியாசத்தில் உயிர் தப்பினான் என்பதை மட்டும் நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கைச் சுத்தம் செய்து, அதை ஆய்வுக்கூடம் என்று அழைத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு சுண்ணாம்பு அடித்தும் மிளகு போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் கை குலுக்குவார்கள். பதினோரு பேர், மூன்று வேன்கள்.

எங்கள் வேலை இது. சாதாரணத் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டில், பின் வண்டி முன் வண்டியை ரேடாரால் பார்த்து, அது மெதுவானால் தானும் மெதுவாகும். இரண்டு வண்டிக்கு இது சரி. மூன்று, நான்கு என்று வரிசை நீண்டால், ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் போவதைப் பார்த்து, யோசித்து, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அதிகமாக பிரேக் பிடிக்கும். முதலாமவர் தும்மினால் கடைசி ஆளுக்கு ஜன்னி. இதற்கு மருந்தாக, முன் வண்டி தன் வேக மாற்றத்தை வயர்லெஸ் மூலம் எல்லா வண்டிகளுக்கும் அந்தக் கணமே சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒன்றாக மெதுவாகும், ஒன்றாக வேகமெடுக்கும், இடைவெளி மாறாது. பின் வண்டி ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் வைத்திருக்க வேண்டியதுதான். இருபது வருடம் கிளட்ச் மிதித்தவனுக்கு அதுதான் உலகத்திலேயே கடினமான காரியம் என்பது வேறு கதை.

மென்பொருள் ரெஜினாவுடையது. கொச்சியிலேயே தேவரா என்ற இடத்துக்காரி. கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவாள். முன் வண்டியை ஓட்டியவர் மாடசாமி. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகரசபை வேலைக்கு வந்த குடும்பம். அவரும் நகரசபைக் குப்பை லாரியை இருபது வருடம் ஓட்டிவிட்டு எங்களிடம் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். ஆய்வுக்கூடமே அவரை ‘சேட்டன்’ என்று அழைக்கும். நான் மட்டும் ‘மாடசாமி’ என்பேன், ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு, போலீஸ் அனுமதியோடு, தோப்பும்படியிலிருந்து கும்பளங்கி போகும் சாலையில் மூன்று வேன்களும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். வரைபடத்தில் நேர்கோடு வர வேண்டும். வரவில்லை. ஆறு இடத்தில் வேகம் குழி விழுந்தது, மூன்று வண்டிகளிலும் ஒரே சமயத்தில். மறுநாளும் அதே ஆறு இடம். அதற்கு மறுநாளும்.

மாடசாமி பிரேக்கைத் தொடவில்லை. பிரேக் மிதியில் உணரி வைத்திருந்தோம், அது சாட்சி. ஆக்சிலேட்டர் மிதியில் வைக்கவில்லை. ஏன் என்று இன்று கேட்கிறீர்கள், அன்று யாரும் கேட்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றை நானே தயாரித்திருந்தேன். பிரேக் பிடித்தீர்களா? இல்லை. எதிர்பாராத இடையூறு ஏதும் வந்ததா? இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா? இல்லை. மூன்று வாரம் ஒவ்வொரு நாளும் மூன்று ‘இல்லை’. அத்தனையும் சத்தியம்.

மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். குழி போகவில்லை. ரெஜினா வேக உணரியைச் சந்தேகித்தாள். “சார், வண்டி மெதுவாவே ஆகல. உணரி பொய் சொல்லுது. துறைமுகத்துப் பக்கம் அத்தனை ஏரியல் இருக்கே, அந்த அலை வந்து விழுற இடத்துல மட்டும் தப்பா காட்டுது. முன் வண்டி சொல்ற பொய்ய நம்பிப் பின் வண்டிங்க நெஜமாவே மெதுவாகுது.”

அழகான கொள்கை. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. துறைமுகத்துக்கு ஒரு கடிதம் வரைந்தேன். இணைப்புகள் ஒன்று முதல் ஏழு வரை. அவர்களும் பொறுப்பாகப் பதில் போட்டார்கள். தாங்கள் குறிப்பிடும் நேரத்தில் அந்த ஏரியல்களில் இரண்டு பழுதுபார்ப்புக்காக இறக்கி வைக்கப்பட்டிருந்தன என்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முன் வண்டி மெதுவாகாமல் பின் வண்டிகள் மட்டும் மெதுவானால் இடைவெளி நீள வேண்டும் அல்லவா? இடைவெளிக்கும் ஒரு வரைபடம் இருந்தது. அது ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருந்தது. அதை ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால், முன் வண்டி உண்மையாகவே மெதுவாகிறது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் இடைவெளி மாறாமல் இருப்பதுதான் எங்கள் லட்சியம். ஆகவே அந்தத் தாளைப் பார்த்து மகிழ்ந்து, கோப்பில் வைத்துக் கட்டிவிட்டோம். கெட்ட தாளை நூறு முறை பார்த்தோம், நல்ல தாளை யாரும் படிக்கவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

முன் வண்டியில் ஏறிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். முடியாது. விதி பதினான்கு: சோதனை ஓட்டத்தின்போது முன் வண்டியில் ஓட்டுநரைத் தவிர எவரும் இருத்தலாகாது. ஓட்டுநரின் கவனம் சிதறும் என்பது காரணம். எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள்.

வாடிக்கையாளர்கள் பெங்களூரிலிருந்து வரப் பத்து நாள் இருந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோடு நேராக வராவிட்டால் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாவிட்டால் கிடங்கில் மறுபடி மிளகுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “டிரைவரை மாத்திப் பார்ப்போம். அந்த ஆளை அனுப்பிடுங்க” என்றார்.

மாடசாமிக்கு இரண்டு மகள்கள், இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் விதிப்படி நடந்தேன். முதலில் மற்ற இருவரையும் முன் வண்டியில் வைத்துப் பார்ப்போம் என்றேன். இரண்டாம் வண்டிக்காரர் ஜோசி முன்னால் போன அன்று ஆறு குழிகளும் போய், ஒரே ஒரு பெரிய பள்ளம் வந்தது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் வந்ததும் மத்தி வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் அவரால் போக முடியாது. மூன்றாமவர் எதற்கும் மெதுவாகவில்லை, அன்று குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த இடத்துக்கும்கூட. கோடு நேராக வந்தது. பின் வண்டியில் உட்கார்ந்திருந்த ரெஜினாவின் தலை கூரையில் இடித்து வீங்கியது. இரண்டு நாள் மலையாளத்தில்தான் பேசினாள்.

ஜோசியின் மத்தியைப் பார்த்த பிறகாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அது ஜோசியின் குணக்கேடு என்று குறிப்பெழுதினேன்.

அன்று மாலை மழை. என் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. கும்பளங்கியில் ஒரு பட்டறையில் விட்டிருந்த உதிரி பாகத்தை எடுத்து வர மாடசாமி வேனில் புறப்பட்டார், நானும் ஏறிக்கொண்டேன். சோதனை ஓட்டம் அல்ல என்பதால் விதி தடுக்கவில்லை. சாலையோரம் ஒரு குருசடி வந்தது. தெருவோரச் சிலுவைக்குச் சின்னக் கூரை போட்டிருப்பார்களே, அது. வேன் லேசாகத் தளர்ந்தது. மாடசாமியின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு மார்பைத் தொட்டுத் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் ஓர் அம்பலம், அந்த ஊர்க் கோயில். தளர்வு, மார்பு. பிறகு ஒரு தர்கா. பிறகு அரச மரத்தடியில் நாகர். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். இன்னொரு குருசடி, ஐந்து. கடைசியில், படி இறங்கினால் நேராகச் சாலையில் கால் வைக்கும்படியான ஒரு சின்ன தேவி கோயில். ஆறு.

“மாடசாமி, இப்ப என்ன செஞ்சீங்க?”

“என்ன செஞ்சேன் சாரே? ஒண்ணும் செய்யலியே.”

“காலை எடுத்தீங்களே!”

“கோயில் வருதே சாரே. பின்னே எடுக்காண்டு போவேனா?”

“தினம் காலையிலயும் எடுப்பீங்களா?”

“காலையில கும்பிடாம சாயங்காலம் மட்டும் கும்பிட்டா நல்லாவா இருக்கும்?”

“படிவத்துல வழக்கத்துக்கு மாறா ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே!”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இதுதானே சாரே வழக்கம்.”

மூன்று வாரமாகப் பதினோரு பேரும் ஒரு துறைமுகமும் சேர்ந்து தேடிய கோளாறு அதுதான். எங்கள் வயர்லெஸ் பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. முன் வண்டி கும்பிட்டபோதெல்லாம் பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் மில்லி விநாடி பிசகாமல் கும்பிட்டிருக்கின்றன.

ரெஜினாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “ஃபில்டருக்கு நாலு நாள் போச்சு சார்!”

மேனேஜர் சிரிக்கவில்லை. இனிமேல் கால் எடுத்தால் ஆளையே எடுத்துவிடுவதாகச் சொன்னார். அதை அவரிடம் சொல்லும் வேலையை எனக்கு விட்டார். மாடசாமியை உட்கார வைத்து, எழுத்து மூலமாகவே கொடுத்தேன். செயல்விளக்கம் அன்று புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. கீழே என் கையெழுத்து, முத்திரை.

அவர் அதை இரண்டு முறை படித்தார். படிக்கத் தமிழைவிட மலையாளம்தான் அவருக்குச் சுலபம், அதனால் மெதுவாகவே படித்தார். “சரி சாரே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன்.”

“யார்கிட்ட?”

“ஆறு பேருகிட்டேயும்.”

செயல்விளக்கத்துக்கு முந்தைய நாள் மாலை அவர் சைக்கிளில் ஆறு இடத்துக்கும் போனார். குருசடியில் மெழுகுவர்த்தி, தர்காவில் ஊதுவத்தி, அம்பலத்தில் தேங்காய், நாகருக்குப் பால். நாளைக் காலை கம்பெனி உத்தரவுப்படி காலை எடுக்காமல் போவேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு இடத்திலும் தெரிவித்திருக்கிறார். என் உத்தரவுத் தாளை வேறு மடித்துச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தார், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. முன்கூட்டித் தகவல் தெரிவிப்பதில் என்னைவிடச் சுத்தமான ஆளை அதுவரை நான் கண்டதில்லை.

செயல்விளக்க நாள். வந்த மூவரும் தும்மினார்கள், கை குலுக்கினார்கள். அவர்களின் தலைவர், அதிகம் பேசாத உயரமான மனிதர், ரெஜினாவோடு இரண்டாம் வண்டியில் ஏறினார். மற்ற இருவரும் மேனேஜரும் மூன்றாவதில். நான் விதி பதினான்கில் ‘சோதனைப் பொறுப்பாளர் நீங்கலாக’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டு, மாடசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதியை மீறுவது எனக்குப் பிடிக்காது. திருத்துவேன்.

முதல் குருசடி வந்தது. அவர் கால் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அம்பலம், தர்கா, நாகர், குருசடி. நாற்பது, நாற்பது, நாற்பது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. செல்போனில் ரெஜினா கிசுகிசுத்தாள்: “சார், கோடு நேரா வருது. ரூலர் மாதிரி!”

தேவி கோயில் தெரிந்தது. படியில் ஒருவர், வேட்டி, நெற்றியில் சந்தனம், கை கூப்பியபடி, முகம் அம்மன் பக்கம், முதுகு எங்கள் பக்கம். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் பின்னோக்கியே படி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு படி. இன்னொரு படி. அடுத்த அடி சாலை.

“சாரே” என்றார் மாடசாமி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார்.

வேன் கதறி நின்றது. முன் பம்பருக்கும் அந்த முதுகுக்கும் நடுவில் ஒரு சாண். பின்னால் இரண்டு வேன்களும், புறப்பட்டபோது இருந்த அதே இடைவெளியில், ஒன்றாக நின்றிருந்தன.

அந்த மனிதர் திரும்பினார். பயந்ததாகத் தெரியவில்லை. கோபம்தான். “எந்தா மாடசாமி சேட்டா, இன்னைக்கு கண்ணு காணலையா? ஆறே காலுக்கு உங்க வண்டி வரும், இங்க வந்தா மெல்ல போகும்னு தெரிஞ்சதாலதானே நான் பாட்டுக்கு இறங்குறேன்! சேட்டனே இப்படிச் செஞ்சா நாங்க யாரை நம்புறது?”

மாடசாமியின் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரிக்க முடியவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சாலையில் எங்களுக்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. கும்பிட்டவர்கள் பின்னோக்கி இறங்குவார்கள், வண்டிக்காரர் காலை எடுப்பார். யாரும் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏற்பாட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நான் முத்திரை குத்தி அறுத்துவிட்டேன். மாடசாமி சாமிகளிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். கும்பிட வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பின் வண்டிகளிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். வாடிக்கையாளர் தலைவரின் முகம் மலர்ந்திருந்தது. அந்த ஒரு வாரத்தில் வெவ்வேறு கம்பெனிகளில் அவர் பார்த்த மிகச் சிறந்த அவசர நிறுத்தம் இதுதானாம். நிகழ்ச்சி நிரலில் போடாமல் வைத்திருந்தது நல்ல யுக்தியாம். பின்னோக்கி நடந்து வந்தவரும் மிக இயல்பாகச் செய்தாராம்.

“இன்னொரு முறை காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

“தாராளமா!” என்றார் மேனேஜர். என்னை ஓரமாக இழுத்து, “அந்த ஆளுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுங்க. திரும்பவும் படியில ஏறச் சொல்லுங்க. இதே மாதிரி இறங்கினா போதும்” என்றார்.

மாடசாமி கதவைத் திறந்து இறங்கினார். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். “எனக்கு வேலை வேண்டாம் சாரே. வேற ஆளை ஓட்டச் சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரிச் சமயத்துக்கு என் கையேட்டில் நூற்று நாற்பது பக்கம் இருந்தும் ஒரு வரி இல்லை. ‘ஏற்பாடு செய்த நிறுத்தம்’ என்று தலையாட்டியிருந்தால் ஒப்பந்தம் அன்றே கையெழுத்தாகியிருக்கும், பதினோரு பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அதைத்தான் செய்வேன் என்று நானே எதிர்பார்த்தேன். ஆனால் கையிலிருந்த சாவி ஈரமாக இருந்தது. அவர் கை வியர்வை.

“அது எங்கள் ஏற்பாடு இல்லை” என்றேன். “இந்த ஓட்டுநர் தினமும் இங்கே மெதுவாகப் போவார். கோடு நேராக வர வேண்டும் என்பதற்காகப் போகக் கூடாது என்று நான் எழுத்து மூலம் உத்தரவிட்டேன். இவர் அதை மீறியதால்தான் அந்த மனிதர் திட்டிக்கொண்டிருக்கிறார். இல்லாவிட்டால் திட்ட ஆள் இருந்திருக்காது.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் கோயில் படி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“இந்த மாதிரி இடம் இது ஒன்றுதானா?”

“ஆறு இருக்கிறது.”

“காட்டுங்கள்” என்று சொல்லி முன் வண்டியில் ஏறிவிட்டார். விதி பதினான்கை நான் நினைவூட்டவில்லை. சாவியை மாடசாமியிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். “பழையபடி ஓட்டுங்க” என்றேன். எழுத்து மூலம் கேட்கவில்லை, நல்லவேளை.

ஆறு இடத்திலும் வேன் தளர்ந்தது, ஆறு முறை மார்பு தொட்டார், பின்னால் இரண்டு வண்டிகளும் கூடவே தளர்ந்தன. மூன்றாவது இடத்தில் ஒரு பாட்டி, ஐந்தாவதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், சாலையைப் பார்க்காமலே இறங்கினார்கள். தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார்.

ஒப்பந்தம் வந்தது, நாங்கள் கேட்டதில் பாதிதான். மேனேஜர் ஓணம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சோதனை வழித்தடத்தில் முன் வண்டி ஓட்டுநரை மாற்றக் கூடாது. ரெஜினா ஆக்சிலேட்டரில் உணரி வைத்தாள். நான் படிவத்தைத் திருத்தினேன். மூன்றாவது கேள்வி இப்போது இப்படி இருக்கும்: ‘வழக்கமாக என்ன செய்தீர்கள்?’ பதில் எழுத ஒரு பக்கம் முழுக்க இடம் விட்டேன். நீங்கள் அந்தப் படிவத்தை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

செயல்விளக்கம் நடந்த அன்று மாலை மாடசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன்.

“உத்தரவு கேன்சல்னு சொல்ல வேண்டாமா சாரே? முன்னாடி சொன்னோம்ல.”

மறுநாள் காலை வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் எல்லா இடத்திலும் சொல்லியாயிற்றா என்று விசாரித்தேன்.

“சொல்லியாச்சு. அஞ்சு இடத்துல ஒண்ணும் இல்ல. தேவி கோயில்லதான் யாரோட உத்தரவுன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.” துணியைப் பிழிந்து உதறினார். “உங்க பேரைச் சொல்லிட்டேன் சாரே. கையெழுத்தையும் காட்டிட்டேன்.”

நான் பக்திமான் அல்ல. ஆனாலும் அன்று முதல் அந்தக் கோயில் பக்கம் வந்தால் என் ஸ்கூட்டர் தானாகவே மெதுவாகிறது. எந்த வயர்லெஸ்ஸும் பொருத்தவில்லை.